குதிரைக்கு எந்தக் கடிவாளம், எந்த லகான் பிடி? செட்டிநாட்டுச் சவாரிக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் குதிரை இன்றும் மூன்று வேலைகளுக்கு வருகிறது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், கோயில் திருவிழாவை ஒட்டிய குதிரை வண்டிப் பந்தயம், ஆசைக்கு வாங்கி அதிகாலையில் கண்மாய்க் கரையில் ஓட்டும் சவாரி. ஊர்வலக் குதிரையின் வாயில் ரத்தம் கலந்த நுரை தெரியும் காணொளி கைப்பேசிகளில் சுற்றும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம் கிளம்புகிறது. கடிவாளமே கூடாது என்று ஒரு பக்கம். கடுமையான கடிவாளம் போடாவிட்டால் கூட்டத்துக்குள் குதிரை அடங்காது என்று மறுபக்கம்.

இரண்டாவது பேச்சுதான் அதிகக் கேடு செய்கிறது. நாட்டுக் குதிரையே 250, 300 கிலோ இருக்கும். பந்தயக் குதிரை 450 கிலோவைத் தாண்டும். அந்த எடையை எவர் கையும் இழுத்து நிறுத்திவிட முடியாது. வாயில் உள்ள இரும்பு ஒரு குறிப்பைத் தருகிறது. பழக்கிய குதிரை அதைப் புரிந்துகொண்டு தானே நிற்கிறது. குறிப்பு தெளிவாக இருந்தால் சின்ன இரும்பு போதும். தெளிவில்லை என்றால் எவ்வளவு கடுமையான இரும்பும் வலியைத்தான் கூட்டும், வலி வந்தால் குதிரை செய்யும் முதல் காரியம் ஓடுவது.

இந்தக் கட்டுரையில் வரும் பெயர்கள்

தலையில் மாட்டும் வார்கள் மொத்தத்தையும் தலைவார் என்கிறோம். வாய்க்குள் போகும் இரும்பு பிட். மேலே கடிவாளம் என்று சொன்னது இதைத்தான். அதைத் தாங்கிக் கன்னத்தின் வழியே காதுக்குப் பின்னால் போவது கன்னவார். பிட்டிலிருந்து சவாரிக்காரர் கைக்கு வருவது லகான். மூக்கைச் சுற்றி வருவது மூக்குப்பட்டை. சில பிட்களில் தாடையின் அடியில் ஒரு சங்கிலி வரும். அது தாடைச் சங்கிலி. பிட் எதுவும் இல்லாமல், கட்டி வைக்கவும் நடத்திப் போகவும் மட்டும் போடுவது தலைக்கயிறு. கடைசியாகச் சொன்ன இது மலிவான பொருள். ஆனால் ஊர்வலக் குதிரை விஷயத்தில் இதற்குத்தான் முதல் இடம். காரணம் பின்னால் வரும்.

வாய்க்குள் என்ன இருக்கிறது

குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே மூன்று நான்கு விரல் அகலத்துக்குப் பல் இல்லாத இடைவெளி உண்டு. பிட் அங்கேதான் உட்காருகிறது. அந்த இடத்து எலும்பின் மேல்விளிம்பு கூர்மையானது. அதற்கு மேல் இருப்பது மெல்லிய ஈறுத்தோல் மட்டும்தான். சதை கிடையாது. திரும்பத் திரும்ப அடிபட்டால் அந்த எலும்பில் முண்டு வளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் தடவினால் தெரியும்.

நாக்கு வாயை நிரப்பிக்கொண்டிருக்கிறது. மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையே பெரிய வெளி ஒன்றும் இல்லை. "பருத்த பிட் மென்மையானது" என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. பருமன் கூடினால் அழுத்தம் பரவும் என்பது உண்மை. ஆனால் சின்ன வாய்க்குள் 20 மில்லிமீட்டர் இரும்பைத் திணித்தால் நாக்கு நசுங்கி, குதிரை வாயை மூட முடியாமல் தவிக்கும். நாட்டுக் குதிரைக்கும் மார்வாரி, கத்தியவாரி வகைகளுக்கும் பெரும்பாலும் 12 முதல் 16 மில்லிமீட்டர் பருமன் பொருந்துகிறது.

பற்களில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. கோரைப்பல். ஆண் குதிரைகளுக்கு நான்கு, ஐந்து வயதில் இந்த இடைவெளியில் முளைக்கும். பெண் குதிரைக்குப் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சிறிது. பிட் இதில் இடிக்கக் கூடாது.

2. கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் குட்டிப் பல். வுல்ஃப் டூத் என்பார்கள். பிட் இதைத் தட்டினால் குதிரை தலையை உதறும். கால்நடை மருத்துவர் எளிதாக எடுத்துவிடுவார்.

3. கடைவாய்ப் பற்களின் ஓரக் கூர். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேற்பற்களின் வெளிவிளிம்பு தேயாமல் கூராகும். தலைவாரை இறுக்கினால் கன்னத்தின் உட்பக்கம் அந்தக் கூரில் அறுபடும். ஆண்டுக்கு ஒரு முறை பல்லைப் பார்த்து, தேவையானால் அரத்தால் ராவிவிட வேண்டும்.

"பிட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வரும் குதிரைகளில் பலவற்றுக்குக் கோளாறு பல்லில் இருக்கும். இதைப் பார்க்காமல் பிட்டை மாற்றுவது வீண் செலவு.

ஸ்னாஃபிள்: இழுத்த அளவே போய்ச் சேரும் பிட்

லகான் மாட்டும் வளையம் வாய்க்குள் போகும் கம்பியின் நுனியிலேயே இருந்தால் அது ஸ்னாஃபிள். ஒரு கிலோ அளவுக்கு இழுத்தால் ஒரு கிலோ அளவுக்கே வாயில் அழுத்தம் விழும். இடது லகான் இடப்பக்கம், வலது லகான் வலப்பக்கம் என்று தனித்தனியாகப் பேசும். நடுவில் மூட்டு இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். மூட்டுப் போட்டதெல்லாம் ஸ்னாஃபிள் என்று கடையில் சொல்வார்கள். பக்கத்தில் கீழ்நோக்கி நீண்ட இரும்புக் கை வைத்த பிட்டிலும் மூட்டு உண்டு, அது ஸ்னாஃபிள் ஆகாது.

ஒற்றை மூட்டு ஸ்னாஃபிளை இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தால் பாக்குவெட்டி போல மடங்கும். இரு பாதிகளும் தாடையை இரு பக்கமும் இறுக்கும், நடு மூட்டு மேலண்ணத்தை நோக்கி எழும். பிட் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் இந்த மடிப்பு இன்னும் கூர்மையாகும். பல ஊர்களில் நடப்பது இதுதான்: கடையில் கிடைப்பது 5 அங்குலம், குதிரையின் வாய் நாலரை. இடைவெளியால் பிட் ஒரு பக்கம் நழுவி, மூட்டு நாக்கின் நடுவை விட்டு விலகிவிடும்.

நடுவில் சிறு துண்டு வைத்து இரண்டு மூட்டாகச் செய்த ஸ்னாஃபிள் நாக்கின் மேல் படிந்து உட்காரும், அண்ணத்தைக் குத்தாது. புதிதாகப் பழக்கும் குதிரைக்கும், கை இன்னும் நிலைக்காத சவாரிக்காரருக்கும் இதையே முதலில் சொல்ல வேண்டும். அந்த நடுத்துண்டு உருண்டையாக இருக்கட்டும். தட்டையான தகடு சாய்ந்து நின்றால் அதன் விளிம்பு நாக்கில் இறங்கும்.

பக்க வளையத்திலும் வேறுபாடு உண்டு. துளைக்குள் சுழலும் வளையம் கையின் அசைவை உடனே கடத்தும், ஆனால் துளை தேய்ந்துபோனால் உதட்டோரத்தைக் கவ்விக் கிழிக்கும். கம்பியோடு சேர்த்துச் செய்த முட்டை வடிவ வளையமும் டி வளையமும் கவ்வாது. பக்கத்தில் மேலும் கீழும் நீண்ட குச்சி வைத்தது, திருப்பும்போது கன்னத்தில் அணைத்துக் குறிப்புத் தரும். திரும்பவே தெரியாத புதுக் குதிரைக்கு அது உதவும்.

முறுக்குக் கம்பி, சைக்கிள் செயின், விளிம்பு வைத்த கம்பி ஆகியவையும் ஸ்னாஃபிள் வடிவத்தில் வருகின்றன. வடிவம் ஸ்னாஃபிள் என்பதால் மென்மை ஆகிவிடாது.

நெம்பு பிட்: கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது

வாய்க்கம்பிக்குக் கீழே ஓர் இரும்புக் கை நீண்டு, லகான் அதன் நுனியில் மாட்டப்பட்டிருந்தால் அது நெம்பு பிட். கர்ப் பிட் என்பது இதுவே. வாய்க்கம்பிக்கு மேலேயும் ஒரு சிறு கை உண்டு. கன்னவாரும் தாடைச் சங்கிலியும் அதில் மாட்டும். லகானை இழுத்தால் கீழ்க்கை பின்னால் வரும், மேல்கை முன்னால் போகும், சங்கிலி தாடையின் அடிக்குழியில் இறுகும், கன்னவார் வழியே காதுக்குப் பின்னாலும் அழுத்தம் விழும்.

மேல்கை 4 செ.மீ., கீழ்க்கை 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி இறுகிய நிலையில் லகானில் 1 கிலோ இழுத்தால்:

1. சங்கிலியில் விழுவது 8 வகுத்தல் 4, அதாவது 2 கிலோ.

2. வாய்க்கம்பியில் விழுவது லகானின் 1 கிலோவும் சங்கிலியின் 2 கிலோவும் சேர்ந்து 3 கிலோ.

கீழ்க்கை 12 செ.மீ. ஆனால் சங்கிலியில் 3, வாயில் 4. ஊர்வலத்தில் பட்டாசுக்கு மிரண்ட குதிரையை ஒருவர் 10 கிலோ அளவுக்கு வெடுக்கென்று இழுத்தால், அந்த மெல்லிய ஈறுத்தோலும் நாக்கும் 40 கிலோவைத் தாங்குகின்றன. நுரை ஏன் சிவக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில். டிரசாஜ் என்னும் சர்வதேசக் குதிரை நடைப் போட்டிகளில், ஆண்டுக்கணக்கில் பயின்ற கைகளுக்கே, இந்தக் கீழ்க்கை 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. நம் ஊர் ஊர்வலக் குதிரைகளில் அதைவிட நீளமான கைகளைப் பார்க்கலாம்.

நீளத்தைப் போலவே முக்கியமானது சங்கிலி. பிட்டின் கீழ்க்கை ஏறக்குறைய 45 பாகை பின்னால் வந்த பிறகே சங்கிலி பிடிக்க வேண்டும். அந்த முதல் அசைவுதான் குதிரைக்கு எச்சரிக்கை. நன்றாகப் பழகிய குதிரை அதிலேயே கேட்டுவிடும், சங்கிலி இறுகும் வரை போகாது. சங்கிலியை ஒட்டக் கட்டினால் எச்சரிக்கை போய்விடும், அழுத்தம் ஓயாமல் இருக்கும், தாடை மரத்துப்போகும். மிகத் தளர்வாக விட்டால் கீழ்க்கை முழுக்கப் படுத்து, வாய்க்கம்பி உருண்டு, அதன் நடுவளைவு அண்ணத்தைத் தொடும். மாட்டுவதற்கு முன் சங்கிலியைக் கண்ணிகள் தட்டையாகப் படியும் வரை முறுக்கிவிட வேண்டும். முறுக்காமல் மாட்டிய சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் தாடையில் தனித்தனியாகக் கடிக்கும்.

லகான் பிடிக்கும் முறைகள்

முதலில் கை. லகான் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே நுழைந்து, உள்ளங்கை வழியே மேலேறி, ஆள்காட்டி விரலின் மேல் வந்து, கட்டைவிரலால் அழுத்தப்படுகிறது. வழுக்காமல் காப்பது கட்டைவிரல். பேசுவது மோதிர விரல். பக்கத்திலிருந்து பார்த்தால் முழங்கை, மணிக்கட்டு, பிட் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். குதிரை நடக்கும்போதும் நாலுகால் பாய்ச்சலிலும் தலையை ஆட்டும். அப்போது முழங்கை திறந்து மூடி அந்த ஆட்டத்தோடு போக வேண்டும். துள்ளுநடையில் தலை ஆடாது, கையும் ஆடக் கூடாது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நடையில் கையை விறைத்து, துள்ளுநடையில் உடம்போடு சேர்த்துக் கையையும் குதிக்க விடுகிறார்கள். ஒவ்வொரு குதிப்பும் வாயில் ஓர் அடி.

திருப்பும் முறைகளில் நான்கு போதும்.

1. நேர் லகான். வலப்பக்கம் திரும்ப வலது விரல்களை மூடிச் சற்றே பின்னால். இடது கை அதே அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திரும்பு என்றும் திரும்பாதே என்றும் ஒரே நேரத்தில் சொன்னதாகிவிடும்.

2. விரித்த லகான். கையைப் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் விலக்குவது. மூக்குக்கு வழி காட்டுவதால் புதுக் குதிரைக்கு இதுவே எளிதில் புரியும்.

3. கழுத்து லகான். ஒரே கையில் இரண்டு லகானும். வலப்பக்கம் திரும்பக் கையை வலமாக நகர்த்தினால் இடது லகான் கழுத்தின் இடப்பக்கத்தைத் தொடும், தொட்ட பக்கத்திலிருந்து குதிரை விலகும். வாயில் இழுப்பே இல்லை.

4. எதிர் லகான். லகானைக் கழுத்தைத் தாண்டாமல் எதிர் இடுப்பை நோக்கி லேசாகக் கொண்டுபோய், குதிரையின் தோளை நகர்த்துவது. தேர்ந்த கைக்கு உரியது, புதியவர்கள் தள்ளிப்போடலாம்.

கழுத்து லகானில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. குதிரை திரும்பாவிட்டால் கையைப் பிடரி மயிரைத் தாண்டி இன்னும் தள்ளுவார்கள். அப்போது இடது லகான் குட்டையாகி, பிட்டின் இடப்பக்கத்தை இழுத்து, உடம்பு வலப்பக்கம் போகும்போது மூக்கை இடப்பக்கம் திருப்பிவிடும். கை பிடரியின் நடுக்கோட்டிலிருந்து நாலு விரல் அளவுக்கு மேல் போகத் தேவையில்லை. பழக்கும் வரிசை இது: முதலில் இரண்டு கையில் லகான், கழுத்தைத் தொடுவது முதலில், அதற்குப் பதில் இல்லாவிட்டால் மட்டும் உட்பக்க லகானை விரித்துக் காட்டுவது, குதிரை தொட்டதுமே திரும்பத் தொடங்கிய பிறகு ஒரு கைக்கு மாறுவது. பல வாரம் எடுக்கும். கால் குறிப்பும் கூடவே போக வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து மட்டும் வளைந்து உடம்பு நேரே போகும்.

ஒரு கைப் பிடி படைகளில் வளர்ந்தது; மறுகையில் வாளோ ஈட்டியோ இருந்தது. இன்று போலோவும் கூடாரமுளை பிடுங்கும் போட்டியும் அந்தத் தேவையைத் தொடர்கின்றன.

பிட்டும் பிடியும் பொருந்த வேண்டும்

குதிரைக்காரர்கள் பிட்டைத் தனியாகவும் லகான் பிடியைத் தனியாகவும் யோசிக்கிறார்கள். பெரும்பாலான தொல்லைக்கு மூலம் இதுவே.

மூட்டு இல்லாத நெம்பு பிட் ஒரு கைக்காகச் செய்யப்பட்டது. அதில் இரண்டு கையால் நேர் லகான் போட்டு வலப்பக்கம் இழுத்தால், வாய்க்கம்பி முழுவதும் சாய்ந்து இடப்பக்கமும் அழுத்தும். எந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறீர்கள் என்று குதிரைக்குப் புரியாது. தலையைச் சாய்த்து வாயைத் திறக்கும். நேர்மாறாக, ஒற்றை மூட்டு ஸ்னாஃபிளை ஒரு கையில் பிடித்தால் பக்கக் குறிப்பு மங்கிவிடும், கை நகரும்போதெல்லாம் மூட்டு கோணலாக மடங்கும்.

இரண்டு கை, வாயோடு மெல்லிய தொடர்பு, திருப்பங்கள் அதிகம் என்றால் ஸ்னாஃபிள். தளர்ந்த லகான், ஒரு கை, கழுத்துக் குறிப்பு நன்றாகத் தெரிந்த குதிரை என்றால் குட்டைக் கை வைத்த நெம்பு பிட். இரண்டுக்கும் நடுவில் பெல்ஹம் இருக்கிறது: ஒரே பிட்டில் மேலே ஒரு ஜோடி லகான், கீழே ஒரு ஜோடி. மேல் லகானில் ஓட்டி, தேவையானபோது மட்டும் கீழ் லகானைத் தொடலாம். இரண்டு ஜோடியையும் ஒரு வாரில் இணைத்து ஒரே லகானாக்கிப் பிடித்தால் அந்த வசதி போய்விடும். இரண்டு பிட் ஒன்றாகப் போடும் டபுள் பிரைடில், வளையம் வழுக்கித் தலையைத் தூக்கும் கேக் பிட் ஆகியவை இந்த வட்டாரத்துச் சவாரிக்குத் தேவையே இல்லை.

மாப்பிள்ளை ஏறும் குதிரை

இங்கேதான் தவறு மிக அதிகம், திருத்துவதும் மிக எளிது. ஊர்வலத்தில் மேலே இருப்பவர் பெரும்பாலும் முதல் முறையாகக் குதிரையில் உட்காருகிறார். பட்டு வேட்டி, மாலை, மேளம், மின்விளக்கு, வெடி. சமநிலை தவறும்போது கைக்குக் கிடைப்பதைப் பிடிப்பார், கிடைப்பது லகான். கீழே குதிரைக்காரர் அதே நெம்பு பிட்டின் ஒரு பக்க வளையத்தைப் பிடித்து இழுத்து நடத்துகிறார். ஒரே வாயில் இரண்டு பேர், இரண்டு திசை, நெம்புகோல் பெருக்கம். குதிரை பின்னங்காலில் எழும்பினால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை:

1. தலைவாருக்கு அடியில் ஒரு தலைக்கயிறு போடுங்கள். நடத்தும் கயிறு இரண்டும் அதில்தான் மாட்ட வேண்டும், பிட்டில் அல்ல. இரு பக்கமும் ஒவ்வொரு ஆள்.

2. பிட் போடுவதானால் இரட்டை மூட்டு ஸ்னாஃபிள். லகானை முடிச்சிட்டுக் கழுத்தின் மேல் கிடக்க விடுங்கள். மாப்பிள்ளை கையில் தர வேண்டாம்.

3. அவர் பிடித்துக்கொள்ளக் குதிரையின் கழுத்தில் ஒரு வாரும், சேணத்தின் முன்மேட்டில் ஒரு கைப்பிடியும் இருக்கட்டும். ஜரிகைத் துணிக்கு அடியில் போனால் படத்திலும் தெரியாது.

4. நிற்கும் இடங்களில் லகானால் குதிரையைக் கட்டக் கூடாது. மிரண்டு பின்னால் இழுத்தால் நாக்கு அறும், தாடை எலும்பே உடையலாம். கட்டுவதற்கு உரியது தலைக்கயிறு.

வெடிச் சத்தத்துக்குப் பழகாத குதிரையை எந்த பிட்டும் பழக்கிவிடாது. கல்யாணத்துக்கு வெகுநாள் முன்பே, தூரத்து மேளத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக அருகே கொண்டுவருவதுதான் வழி. எடையையும் பாருங்கள்: சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பொதுவான வழிகாட்டி. 300 கிலோ மட்டக்குதிரைக்கு அது 60 கிலோ.

பந்தயத்திலிருந்து சவாரிக்கு வரும் குதிரை

பந்தய மைதானத்திலிருந்து ஓய்வுபெற்று விற்பனைக்கு வரும் குதிரைகள், லகான் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கப் பழகியவை. புது முதலாளி நிறுத்த நினைத்து இரண்டு லகானையும் இழுத்துப் பிடிப்பார். குதிரைக்கு அது "ஓடு" என்று கேட்கும். அடுத்த நாள் நெம்பு பிட் வாங்கி வருவார். வண்டிப் பந்தயக் குதிரையும் ஏறக்குறைய இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது: வண்டியில் உட்கார்ந்தவரின் காலும் இடுப்பும் குதிரைக்குத் தெரியாது, எல்லாக் குறிப்பும் லகான் வழியேதான் போகும், இழுப்பு ஓயாமல் இருக்கும்.

இவற்றுக்கு மருந்து விட்டுக் கொடுப்பது. ஸ்னாஃபிளில், மூடிய இடத்தில், நடையில் தொடங்குங்கள். இடுப்பை நிமிர்த்தி உட்கார்ந்து, விரல்களை மூடி, குதிரை ஓர் அடி தயங்கிய அந்த நொடியே விரல்களைத் திறந்துவிடுங்கள். இழுப்பு நீடிக்காததால் சாய்ந்துகொள்ள அதற்கு ஒன்றும் கிடைக்காது. வெளியே ஓட்டம் எடுத்துவிட்டால் நேரே இழுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஒரு லகானால் வழிகாட்டிப் பெரிய வட்டமாகத் தொடங்கி மெல்லச் சிறிதாக்குங்கள். செம்பூரான் தரையில் திடீரென்று சின்ன வட்டம் போட்டால் குதிரை சறுக்கி விழும்.

அளவெடுப்பதும் மாட்டுவதும்

1. ஒரு நூல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, பிட் உட்காரும் இடத்தில் வாய்க்குள் விட்டு, முடிச்சை ஒரு உதட்டோரத்தில் வைத்து மறு உதட்டோரத்தில் அடையாளம் வையுங்கள். இழுக்காமல் நேராக வைத்து அளந்த நீளத்துடன் அரை செ.மீ. கூட்டுங்கள், சுழலும் வளையத்துக்கு 1 செ.மீ. நாட்டுக் குதிரைக்குப் பெரும்பாலும் நாலரை அங்குலம், மார்வாரி, கத்தியவாரிக்கு நாலே முக்காலிலிருந்து ஐந்து, பந்தயக் குதிரைக்கு ஐந்திலிருந்து ஐந்தே கால்.

2. உயரம். உதட்டோரத்தில் ஒரு மெல்லிய சுருக்கம் விழுந்தால் போதும். இரண்டு மூன்று சுருக்கம் விழும்படி தூக்கிக் கட்டினால் உதடு ஓயாமல் இழுபடும். தாழ்ந்தால் கோரைப்பல்லில் இடிக்கும், நாக்கை மேலே போட்டுக்கொள்ளவும் குதிரை கற்றுக்கொள்ளும்.

3. மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் அருகருகே நுழைய வேண்டும். வாயைத் திறக்கிறதென்று பட்டையை இறுக்குவது வலியை மறைப்பதுதான். சர்வதேசப் போட்டிகளில் இந்த இடைவெளியை அளக்க 2025ல் ஒரு கருவியே வந்துவிட்டது. அது கேட்பது 1.5 செ.மீ.

4. பட்டறையில் அடித்த பிட் என்றால் பழைய வேட்டித் துணியை அதன் மேல் எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே நாக்கும் சிக்கும். வெல்டிங் பிசிறு, மூட்டுத் துளையின் விளிம்பு, நிக்கல் பூச்சு உரிந்த இடம் ஆகியவை அகப்படும். துருப்பிடிக்காத எஃகு போதும். விலை கூடிய செப்புக் கலவை கட்டாயமில்லை.

5. சித்திரை வெயிலில் வெளியே கிடந்த பிட்டை அப்படியே வாயில் வைக்காதீர்கள். உள்ளங்கையில் இறுகப் பிடித்துப் பார்த்து, சுட்டால் தண்ணீரில் நனையுங்கள்.

லகானுக்கு 16 மில்லிமீட்டர் அகலத் தோல்வார் நல்லது. நைலான் கயிறு வியர்வையில் வழுக்கும். வழுக்குகிறதென்று கையில் சுற்றிக்கொள்வார்கள், குதிரை ஓடினால் விரல் போகும்.

அறிகுறியும் காரணமும்

உதட்டில் கொஞ்சம் வெண்ணுரை இருப்பது இயல்பு. இளஞ்சிவப்பு நுரை என்றால் உடனே இறங்கி நாக்கையும் உதட்டோரத்தையும் ஈறையும் பார்க்க வேண்டும். புண் ஆறும் வரை பிட் கூடாது. ஒரே பக்கம் தலையை உதறினால் அந்தப் பக்கத்துப் பல்லைச் சந்தேகியுங்கள். தீனி மென்று கீழே உருண்டையாய்த் துப்பினாலும் பல்தான். நாக்கை வெளியே நீட்டினால் பிட் பருமன் அதிகம் அல்லது தாழ்ந்திருக்கிறது. வானத்தைப் பார்த்து ஓடினால் ஒற்றை மூட்டு அண்ணத்தைக் குத்துகிறதா, கை ஆடுகிறதா என்று பாருங்கள். முதுகில் சேணம் அழுத்தினாலும் இப்படிச் செய்யும். தாடையை மார்போடு மடக்கிக்கொண்டால் அது பணிவு அல்ல, பிட்டிலிருந்து ஒளிந்துகொள்கிறது; அந்த நிலையில் முன்னால் இருப்பதையும் சரியாகப் பார்க்க முடியாது.

பிட் இல்லாத தலைவார்

மூக்குப்பட்டையின் பக்கத்தில் லகான் மாட்டும் எளிய வகை, வாயில் புண் உள்ள குதிரைக்கும் அமைதியான சவாரிக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் பிட் இல்லை என்பதாலேயே வலி இல்லை என்று ஆகாது. நீண்ட இரும்புக் கையும் சங்கிலியும் வைத்த, ஹக்கமோர் எனப்படும் பிட் இல்லாத தலைவாருக்கும் மேலே போட்ட நெம்புகோல் கணக்கு அப்படியே பொருந்தும். இடம் மட்டும் மூக்கெலும்பு. அந்த எலும்பின் கீழ்நுனி மெல்லியது. பட்டை நாசித் துளைக்கு மேலே குறைந்தது நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும், இறங்கினால் மூச்சையும் அடைக்கும்.

சட்டம்

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்காக 1965ல் விதிகள் வந்தன. முள், குமிழ், புடைப்பு வைத்த பிட்டை வண்டிக்கும் சவாரிக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. பழைய இரும்புக் கடைகளிலும் சந்தைகளிலும் முள் பிட் கிடைக்கிறது என்பது அதை அனுமதித்ததாக ஆகாது. வண்டி, பொதி வேலைகளில் வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை விலங்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. சித்திரை, வைகாசியில் சிவகங்கை மாவட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

சந்தையில் வாங்கும்போது

இங்கிருந்து பலர் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய்க் குதிரை பிடிக்கிறார்கள். விற்பவர் ஓட்டிக் காட்டும்போது குதிரையின் ஓட்டத்தைப் பார்ப்பதோடு, ஓட்டம் முடிந்து பிட்டைக் கழற்றும் வரை காத்திருங்கள். உதட்டோரத்தில் நிறம் வெளுத்த தழும்பு, தடித்த தோல், தாடை அடிக்குழியில் முடி உதிர்ந்த வரி ஆகியவை பழைய கையைப் பற்றிச் சொல்லிவிடும். அனுமதி கேட்டுப் பல்லில்லா இடைவெளியில் விரல் வைத்துத் தடவுங்கள். முண்டு இருந்தால் குதிரை தலையைப் பின்வாங்கும். விலை பேசி முடித்தால் அந்தக் குதிரை பழகிய பிட்டின் அகலத்தையும் கையின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள், முள் பிட் அல்ல என்றால் அதையே வாங்கியும் வாருங்கள். ஊருக்கு வந்ததும் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டி, முதல் இரண்டு வாரம் தலைக்கயிற்றில் நடத்திப் பழகிய பிறகு, அதே அகலத்தில் இரட்டை மூட்டு ஸ்னாஃபிளை மாட்டி நடையில் தொடங்கலாம்.